மாந்தோப்பில் புல்லை விடுவதா, உழுவதா?

வாசகர் கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி மாந்தோப்பு. செம்மண். பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூராவும் அல்போன்சாவும். 33 அடி இடைவெளியில் நட்ட 18 வயது மரங்கள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் விட்டு மூன்று வருடமாகிறது. வருடத்துக்கு நான்கு முறை டிராக்டரில் உழுது தோப்பைச் சுத்தமாக வைத்திருந்தேன். மண் இறுகிப்போய், மழை உள்ளே இறங்காமல் ஓடுகிறது. போன வருடம் ஆடியில் உழவை நிறுத்திப் புல்லை விட்டேன். இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பயந்துபோய் ஐப்பசி மழையில் மடக்கி உழுதேன். கார்த்திகையில் மரமெல்லாம் தளிர், பூ பாதிதான். இந்த வைகாசியில் கோடை மழைக்குப் புல் மறுபடி வந்து, விழுந்த பழத்தைப் பொறுக்க முடியாமல் பழ ஈ பெருகிவிட்டது. மாதம் இரண்டு முறை ஜீவாமிர்தம் விடுகிறேன். ஆனாலும் மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.38 சதவீதம்தான். உழவா, புல்லா? எதை விதைப்பது? கரையானும் பாம்பும் வருமென்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஒரே ஒரு முறை களைக்கொல்லி அடித்துவிட்டுத் தொடங்கலாமா?

ஆலோசனை

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நிரந்தரப் பயிர்களுக்கு அங்ககச் சான்றில் மூன்று வருட மாறுதல் காலம் கேட்கிறார்கள். நீங்கள் இப்போதுதான் அதைக் கடந்திருக்கிறீர்கள். ஒரு டப்பா களைக்கொல்லிக்காக அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை.

இனி புல்லுக்கு வருவோம். வருடம் முழுக்க வெறும் மண்ணாக வைத்திருந்து பார்த்தீர்கள், பிறகு புல்லை அதன் போக்கில் விட்டும் பார்த்தீர்கள். இரண்டும் சரிப்படவில்லை. மானாவாரி மாந்தோப்பில் தரையில் பச்சை இருக்கலாமா கூடாதா என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் இருக்கலாம் என்று கேட்டால் பதில் உண்டு. ஆடி முதல் ஐப்பசி வரை மண்மேல் உயிருள்ள பயிர் இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அந்தப் பயிர் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தீர்க்க வேண்டும். தை பிறந்தபின் அறுவடை வரை காய்ந்த மூடாக்கு (மண்ணை மூடும் தழை, சருகு) தவிர வேறெதுவும் தரையில் இருக்கக் கூடாது. உங்கள் தோப்பில் நடந்தவை அத்தனையும் இந்த வரிசை முன்பின்னாகப் போனதால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த இறுக்கம். நாலு உழவு உழுதும் மண் ஏன் இறுகுகிறது என்று பலர் குழம்புகிறார்கள். உழுவதால்தான் இறுகுகிறது. கொத்துக் கலப்பை ஐந்தாறு அங்குலம் கிளறும். அதற்குக் கீழே, ஒவ்வொரு உழவிலும் டிராக்டர் எடையும் கொழு அழுத்தமும் ஒரே ஆழத்தில் விழுந்து ஒரு கெட்டித் தட்டு உண்டாகிறது. மேலே கிளறிவிட்ட மண்ணோ, மூடியிருக்க ஒன்றுமில்லாமல் மழைத்துளியின் அடியை நேராக வாங்குகிறது. செம்மண்ணின் கட்டிகள் உடைந்து, அதிலுள்ள நுண்ணிய களி கரைந்து, துவாரங்களை அடைத்துக்கொள்கிறது. வெயில் பட்டதும் அதுவே ஓடு. அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் ஓடிப்போகும். ஓட்டை உடைக்க மறுபடி உழுவோம். இப்படியே வருடங்கள் போகும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். நல்ல மழைக்கு மறுநாள் அரை அங்குலக் கம்பி ஒன்றை வரிசை நடுவில் கையால் அழுத்துங்கள். ஐந்தாறு அங்குலத்தில் தட்டி நின்றால் அதுதான் அந்தத் தட்டு. வேலியோரம் உழாத இடத்திலும் குத்திப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும்.

உழவில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மாமரத்தின் ஆணிவேர் ஆழம் போகும்தான். ஆனால் சத்தெடுக்கும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றிரண்டு அடிக்குள்ளேயே, கிளை நிழலுக்கு அடியிலும் அதைச் சுற்றியும் இருக்கிறது. மரத்தடி வரைக்கும் கலப்பை ஓட்டினால் வருடத்துக்கு நாலு முறை அதை அறுக்கிறோம். அந்த வேர்களோடு கூட்டு வைத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும் வேர்ப்பூஞ்சை இழைகளும் சேர்ந்து அறுபடுகின்றன. ரசாயன உரம் போட்ட காலத்தில் இந்த இழப்பு வெளியே தெரியாது. இயற்கைக்கு மாறியபின் மணிச்சத்துக்கு அந்தப் பூஞ்சையைத்தான் நம்பியிருக்கிறோம்.

சரி, புல் மரத்தின் சத்தை உறிஞ்சுமா? உறிஞ்சும். அக்கம்பக்கத்தார் சொல்வது பொய்யில்லை. நட்டு நாலைந்து வருடம் ஆகாத கன்றுகளுக்குப் புல் உண்மையான எதிரி. 18 வயது மரத்துக்கு மழைக்காலத்தில் அது பொருட்டே இல்லை, கோடையில் பெரிய பொருட்டு. உங்கள் பக்கம் வருட மழை 800 மி.மீ. சுற்றித்தான், அதிலும் பெரும்பகுதி ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். மாசியில் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது மண்ணில் இருக்கும் கொஞ்ச ஈரத்துக்கு அருகும் கோரையும் போட்டிக்கு வந்தால் பிஞ்சு உதிரும். அறுவடை முடிந்த ஆடியில் அதே புல் குடிக்கும் தண்ணீர், அது இல்லாவிட்டால் ஓடையில் போயிருக்கும் தண்ணீர்.

போன வருடப் பூவுக்கு வருகிறேன். மா பூக்க இரண்டு தேவை. அறுவடைக்குப் பின் வந்த தளிர் நாலைந்து மாதம் முற்றியிருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மண் காய்ந்து, இரவு குளிர வேண்டும். நீங்கள் ஐப்பசியில், ஈரமண்ணில், இடுப்பளவுப் பச்சையை மொத்தமாக மடக்கி உழுதீர்கள். பச்சைத் தழை ஈரமண்ணுக்குள் போனால் சில வாரங்களில் மக்கித் தழைச்சத்தை (நைட்ரஜன்) விட்டுவிடும். அது வந்து சேர்ந்தது சரியாகக் கார்த்திகையில். பூ எடுக்க வேண்டிய மொட்டைத் தழைச்சத்து தளிராகத் திருப்பிவிட்டது. போதாததற்கு, நின்றிருந்தால் மண்ணின் ஈரத்தை இழுத்திருக்கும் பயிரையும் அழித்துவிட்டீர்கள். மழை நீண்டிருந்தால் அதற்கும் பங்குண்டு. அல்போன்சா ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பது அதன் சுபாவம், அதைப் புல்லின் கணக்கில் எழுத வேண்டாம். ஆனால் வருடந்தோறும் ஓரளவு காய்க்கும் பெங்களூராவிலும் பாதிதான் பூ என்றால், நான் ஐப்பசி உழவைத்தான் சந்தேகிப்பேன்.

இதே காரணத்தால் தொழுவுரத்தையும் தள்ளிப்போடாதீர்கள். மரத்துக்கு 50 கிலோ மக்கிய எருவை அறுவடை முடிந்த கையோடு, கவாத்து செய்ததும், கிளைநுனி நிழல் விழும் வட்டத்தில் வைத்துவிடுங்கள். தழைச்சத்து அத்தனையும் ஆவணித் தளிருக்குப் போய்ச் சேர வேண்டும். செம்மறிக் கிடை போட ஆள் கிடைத்தால் அதற்கும் இந்த மாதங்கள்தான். வெள்ளாடு வேண்டாம், தாழ்ந்த கிளைகளைக் கடித்துத் தீர்த்துவிடும்.

தோப்பை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மரத்தடி, வரிசை நடு. 33 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். உங்கள் மரங்களின் குடை 24 அடி அகலம் என்று வைத்தால், ஏக்கரில் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் மரத்தடி. அங்கே இனி எந்தக் கலப்பையும் போகக் கூடாது. மிச்சமிருக்கும் நடுப்பகுதியில்தான் வெயில் விழுகிறது, அங்கேதான் விதைப்பு.

இந்த ஆடியில் மட்டும் நடுப்பகுதியில் ஓர் உழவுக்கு அனுமதி தருகிறேன். கம்பி தட்டி நின்றால், மண் காய்ந்திருக்கும்போதே உளிக்கலப்பையால் வரிசையின் நட்டநடுவில் ஒரு கோடு இழுத்து அந்தத் தட்டை உடைத்துவிடுங்கள். ஈரத்தில் இழுத்தால் உடையாது, கொழு வழுக்கிக்கொண்டு போகும். பிறகு மேலாக ஒரு கொத்து ஓட்டிச் சணப்பு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதையுங்கள். தனிப்பயிராக ஏக்கருக்கு 12 கிலோ வேண்டும். உங்களுக்கு நடுப்பகுதி மட்டும் என்பதால் ஏழெட்டு கிலோ போதும். அதோடு ஒரு கிலோ கம்பு கலந்துகொள்ளுங்கள். பயறு வகை வேர் தழைச்சத்து கொடுக்கும், மண்கட்டியைக் கோர்த்துப் பிடிப்பது தானியப் பயிரின் நார்வேர். விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில், வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரோடு பிசைந்து நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது. ஒரு மாதம் கழித்து நாலு செடியைத் தோண்டி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

ஏன் சணப்பு, ஏன் தக்கைப்பூண்டு இல்லை என்று கேட்கலாம். தக்கைப்பூண்டு தண்ணீர் நிற்கும் நெல்வயலுக்கும் களர் நிலத்துக்கும் ஏற்ற பயிர். விதை எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மேட்டுச் செம்மண்ணில் போட்டால் குட்டையாக நின்றுவிடும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பரப்பிய பலதானிய விதைப்பு வெறும் நிலத்தைத் தேற்ற அருமையான முறை. காய்க்கும் தோப்பில் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. சோளமும் ஆமணக்கும் ஒரு வேகம், உளுந்தும் எள்ளும் ஒரு வேகம். எப்போது அறுத்தாலும் ஒன்று பிஞ்சாகவும் ஒன்று கட்டையாகவும் இருக்கும். கன்று வைக்கப்போகும் புது நிலத்தில் தாராளமாகச் செய்யுங்கள்.

சணப்பு 45 நாளில், முதல் மொட்டு தலைகாட்டும்போது அறுக்க வேண்டும். ஆடி நடுவில் விதைத்தால் அது புரட்டாசித் தொடக்கத்தில் வரும். தள்ளிப்போட்டால் தண்டு நார் பிடித்து, பிரஷ் கட்டர் தலையில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். அறுக்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை: ஏக்கருக்கு ஆறேழு கிலோ கொள்ளு விதையை, நிற்கும் சணப்புக்குள்ளேயே கைவீச்சாகத் தூவிவிடுங்கள். அப்புறம் சணப்பை அறுத்து அதன்மேலேயே விழவிடுங்கள். மூடாக்குக்கு அடியில் ஈரம் இருக்கும், எறும்பும் புறாவும் விதையை அவ்வளவாக எடுக்காது, முளை இடுக்கு வழியே மேலே வந்துவிடும். உழவு கிடையாது. மரத்தை ஒட்டிய பக்கம் அறுத்த தழையில் பாதியை அள்ளி மரத்தடி வட்டத்தில் பரப்புங்கள். நடுவில் கனமாகக் குவிந்த இடங்களைக் கலைத்துவிடுங்கள், அந்தக் குவியலுக்கு அடியில்தான் கொள்ளு முளைக்காது.

மடக்கி உழாமல் மேலே போட்டால் தழைச்சத்தில் கொஞ்சம் காற்றோடு போகும் என்பார்கள். போகும்தான். மிச்சம் மெதுவாக இறங்கும். உங்களுக்கு வேண்டியதும் அந்த மெதுவான வரத்துதான்.

கொள்ளைப் பற்றிக் கிருஷ்ணகிரிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசிப் பட்டத்துக் கொள்ளு பனியிலேயே விளையும் பயிர். தோப்பில் அதன் வேலை வேறு. ஐப்பசி மழை முடிந்ததும் மேல்மண்ணில் நிற்கும் ஈரத்தைக் கார்த்திகை முழுக்கக் குடித்துக் குறைத்துவிடும். மாமரம் பூவுக்குத் திரும்ப அந்த வறட்சிதான் வேண்டும். தரையோடு படர்வதால் தோப்புக்குள் காற்றோட்டமும் குறையாது. பூக்கும் காலத்தில் உயரமான களை நின்றால் உள்ளே நிழலும் ஈரக்காற்றும் தங்கும். தத்துப்பூச்சிக்கு அது கொண்டாட்டம். தை மாதம் நெற்றைப் பறித்துக்கொள்ளுங்கள் அல்லது செடியைத் தரைமட்டத்தில் அறுத்துக்கொள்ளுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். கொடியை முழுக்க மாட்டுக்குக் கொண்டுபோகாமல் பாதியாவது தோப்பில் விடுங்கள். மழை கொட்டித் தீர்க்கும் கார்த்திகையில் கொள்ளாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வருடா வருடம் விதைக்க அலுப்பாக இருந்தால் கொழிஞ்சியை யோசியுங்கள். ஏக்கருக்கு ஏழு கிலோ. விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் போட்டால் பாதி முளைக்காது. முதல் வருடம் மெதுவாக வரும், பொறுமை வேண்டும். பிறகு தானே விதை உதிர்ந்து தானே முளைக்கும், வறட்சி தாங்கும், முக்கியமாக ஆடு மாடு வாய்வைக்காது. வேலி இல்லாத தோப்புக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஆறு ஏக்கரில் சரிவான, கரடான ஒரு மூலை இருந்தால் அங்கே ஆரம்பித்துப் பாருங்கள்.

விதைக்காமல் தானாக வருவதில் எதை விடலாம்? மூக்குத்திப்பூ, கீழாநெல்லி, சாரணை, துத்தி இவையெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரிய பங்கு ஈ வகைகளுக்குத்தான். அவற்றில் சில, சின்னச்சின்னக் களைப்பூவிலும் தேன் எடுத்துப் பிழைக்கின்றன. கோரையும் அருகும் வேறு கதை. மீண்டும் மீண்டும் உழுதால் கோரைக்கிழங்கும் அருகின் தண்டும் துண்டுதுண்டாகிப் பரவும். சணப்பின் அடர்ந்த நிழல் இரண்டு வருடம் தொடர்ந்து விழுந்தால் இரண்டும் நலியும். பார்த்தீனியம் ஒன்றுக்கு மட்டும் தயவு காட்டாதீர்கள். பூக்கும் முன் ஈரமண்ணில் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை மூடாக்காகப் போட்டால் நீங்களே விதைத்த மாதிரி.

இனி மரத்தடி. வருடத்துக்கு உதிரும் மாவிலையையே பலர் கூட்டிக் கொளுத்துகிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. மாவிலை மக்க நாளாகும். அதனால்தான் அது நல்ல மூடாக்கு. அதன்மேல் சணப்புத் தழை, கவாத்துக் குச்சியை நறுக்கியது, கிடைத்தால் நிலக்கடலைத் தோல், தென்னை மட்டை. நாலு முதல் ஆறு அங்குலம் கனம் போதும். மக்காத தென்னைநார்க் கழிவை நேராகக் கொட்டாதீர்கள். கூழ் ஆலையிலிருந்து தோலும் கொட்டையும் இலவசமாக ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். ஆசைப்பட்டு மரத்தடியில் கொட்டினால் புளித்து நாறும், ஈ மொய்க்கும். தனியாக எருவோடு அடுக்கி மக்கவைத்துப் பிறகு போடலாம்.

கரையான் பயம் நியாயமானது. ஆனால் அது முதலில் தேடுவது செத்த பொருளைத்தான். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போட்டால் அதன் மறைவில் பட்டைமேல் ஏறும், தண்டுப் பட்டையும் ஈரத்தில் அழுகும். தண்டைச் சுற்றி இரண்டு அடி வெறும் மண்ணாக விடுங்கள். கொட்டை வண்டு பட்டை இடுக்கிலும் அடிக்குப்பையிலும் ஒளிந்திருந்து அடுத்த பூவுக்குக் காத்திருக்கும், அதற்கும் இந்த வெட்டவெளி நல்லது. தண்டில் மண்கூடு ஏறினால் தட்டிவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

பாம்பு வரும். மூடாக்கு இருந்தால் தவளை, எலி, அப்புறம் பாம்பு என்று வரத்தான் செய்யும். நடமாடும் பாதை ஒன்றை எப்போதும் ஒட்ட வெட்டி வைத்திருங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், மூடாக்கில் கைவிடும் முன் குச்சியால் தட்டுங்கள். பாம்பைவிட எனக்கு நெருப்புதான் கவலை. பங்குனியில் காய்ந்த மூடாக்கின்மேல் ரோட்டோரத்திலிருந்து ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். தோப்பைச் சுற்றி, முக்கியமாகப் பாதைப் பக்கம், பத்துப் பதினைந்து அடி அகலத்தில் ஒரு பட்டையைத் தை மாதமே சுரண்டி வெறுமையாக்குங்கள். உழவு போட ஆசையாக இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

பழ ஈ விஷயத்தில் புல் நேரடிக் குற்றவாளி இல்லை, மறைத்துக் கொடுத்த உடந்தை. விழுந்த பழத்திலிருந்து புழு இறங்கி மேல்மண்ணில் ஓரிரு அங்குலத்தில் கூடாகி, பத்து நாள் சுமாருக்கு ஈயாகப் பறந்துவிடும். அந்தக் கூட்டை வெயிலில் காட்டத்தான் உழச் சொல்கிறார்கள். உழாதவர் பழத்தைப் பொறுக்கியாக வேண்டும், வேறு வழி கிடையாது. அதனால் கோடை மழைக்கு எது முளைத்தாலும் சித்திரைக் கடைசிக்குள் தரையோடு வெட்டிவிடுங்கள், பழம் விழுந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது பொறுக்கி இரண்டடி ஆழக் குழியில் போட்டு மூடுங்கள். ஆண் ஈக்களை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறிகளைப் பழம் முற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே தொங்கவிடுங்கள். நாலு நாட்டுக்கோழி மேய்ந்தால் கூட்டுப்புழு மிச்சமிருக்காது. தோப்பைப் பூவில் குத்தகைக்கு விடுபவராக இருந்தால், பொறுக்கும் வேலை யாருடையது என்பதைப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர் என்ன மருந்து அடிக்கிறார் என்பதையும்தான்.

பூ எடுக்க மரத்தடியில் ஊற்றும் ரசாயனமான கல்தார் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டுவைக்கிறேன். இயற்கைக்கு மாறும் முன் மரத்தடியில் கல்தார் ஊற்றியிருந்தீர்களா? அது மண்ணில் நெடுநாள் தங்கும். விதைத்த பயறு மரத்தை ஒட்டிய வட்டத்தில் மட்டும் கரும்பச்சையாக, கணு நெருங்கிக் குட்டையாக நின்றால் அதன் எச்சமாக இருக்கலாம். விதையையோ மண்ணையோ குறை சொல்ல வேண்டாம். கரிமச்சத்து ஏற ஏற அந்த எச்சம் சீக்கிரம் சிதைய வாய்ப்பு உண்டு.

இப்போது அந்த 0.38. ஜீவாமிர்தம் விட்டும் ஏறவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 200 லிட்டரில் பத்து கிலோ சாணம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறுமாவு. தண்ணீர் நீக்கிப் பார்த்தால் ஆறு கிலோ பொருள். மாதம் இருமுறை விட்டாலும் வருடத்துக்கு ஏக்கருக்கு 150 கிலோவைத் தொடாது. அது நுண்ணுயிரை ஊக்கலாம், ஆனால் அவற்றுக்குச் சாப்பாடு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். வெறும் மண்ணில் ஊற்றுவதை நிறுத்தி, மூடாக்கின்மேல் மழை மாதங்களில் மட்டும் விடுங்கள், செலவும் பாதியாகும்.

பசுந்தாளால் மட்டும் கரிமச்சத்து எவ்வளவு ஏறும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். நல்ல மழையில் சணப்பு முழு ஏக்கருக்கு 5 டன் பச்சை கொடுக்கும். உலர்ந்தால் 1 டன். அதில் கரிமம் 400 கிலோ. முக்கால்வாசி நுண்ணுயிர் மூச்சாகக் காற்றில் போய்விடும், மண்ணில் தங்குவது 100 கிலோ. ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 900 டன். 0.1 சதவீதம் உயர 900 கிலோ கரிமம் வேண்டும். ஆக, மேல் தழையை மட்டும் நம்பினால் 0.38 என்பது 0.48 ஆக ஒன்பது வருடம். வேரும், உதிரும் மாவிலையும், எருவும் சேர்வதால் உண்மையில் அதைவிடச் சீக்கிரம் நடக்கும். ஆனாலும் ஒரு வருடத்தில் கரிமச்சத்தை இரட்டிப்பாக்குவேன் என்று புட்டியோடு வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதனால் மண் பரிசோதனையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதத்தில், ஒரே இடங்களில் மண் எடுங்கள். வருடா வருடம் பார்க்க வேண்டியது தண்ணீர் இறங்கும் வேகம். ஆறு அங்குல அகலமுள்ள டப்பா ஒன்றின் அடியை வெட்டி, இரண்டு மூன்று அங்குலம் மண்ணில் இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஒரு அங்குல மழைக்குச் சமம். எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று குறித்துக்கொண்டு, உடனே இன்னொரு 450 மில்லி ஊற்றி மறுபடி குறியுங்கள். இரண்டாவது கணக்குதான் முக்கியம். மரத்தடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வேலியோர உழாத மண்ணில் ஒன்று. கரிமச்சத்து அசைவதற்கு முன்பே இந்த நிமிடங்கள் குறைய ஆரம்பிக்கும்.

ஆறு ஏக்கரிலும் ஒரே வருடத்தில் செய்யாதீர்கள். நாலு ஏக்கரில் இதைச் செய்து, இரண்டு ஏக்கரைப் பழையபடி உழுது வையுங்கள். இரண்டிலும் பெங்களூரா மரங்களில் சிலவற்றுக்கு அடையாளம் போட்டுப் பூவையும் காயையும் குறித்துவந்தால், மூன்றாம் வருடம் நீங்களே எனக்கு எழுதலாம். விதை வாங்கும்போது மருந்து நேர்த்தி செய்யாத விதை கேட்டு வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். சான்றளிப்பு ஆய்வாளர் கேட்பார்.

ஆடி மழை ஏமாற்றினால்? ஆவணி பாதிவரை விதைக்கும் அளவுக்கு ஈரம் கிடைக்கவில்லை என்றால் சணப்பை விட்டுவிடுங்கள். பிந்தி விதைத்துப் பிந்தி அறுத்தால் போன வருடச் சிக்கல் திரும்ப வரும். தானாக வந்த களையை ஒருமுறை வெட்டிப் போட்டு, புரட்டாசி மழைக்கு நேராகக் கொள்ளைத் தூவுங்கள். சணப்பு விதையை வேப்பிலை கலந்து மூட்டை கட்டி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த ஆடிக்கும் முளைக்கும்.